கம்பளி போர்த்திய வெயில்

சங்கரன்கோவிலில் வெயிலுக்கு அதுவரை யாரும் மரியாதை கொடுத்ததில்லை. திட்டுவதற்கும், வத்தல் காயப்போடுவதற்கும், ஆபீசுக்குத் தாமதமாகப் போனால் காரணம் சொல்வதற்கும் மட்டுமே அது பயன்பட்டு வந்தது. எண்பத்தாறாம் வருஷம் சித்திரை மாதம், திருவேங்கடம் சாலையில் ஊர் முடிகிற இடத்திலிருந்த துணை சுகாதார நிலையத்தின் மொட்டை மாடியில் எட்டுக் கண்ணாடிப் பலகைகளைச் சாய்த்து நிறுத்தி, அந்த வெயிலிலிருந்து ஐஸ் செய்தார்கள். அன்றிலிருந்து ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. வாங்கின கடனைத் திருப்பிக் கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தவர்கள், மாப்பிள்ளை வீட்டாரைப் பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்த நிலையத்துக்குக் கரண்ட் கிடையாது. கம்பம் வந்து நான்கு வருஷமாகிறது. கம்பி இன்னும் வந்து சேரவில்லை. நிலையம் என்றால் இரண்டு அறை, ஒரு வேப்பமரம், ஒரு நர்ஸ், ஒரு உதவியாளர். நர்ஸ் ஜுலைகா பீவி. உதவியாளர் வெள்ளத்துரை, குருவிகுளம் பக்கத்து ஆட்டுக்காரக் குடும்பம். அந்தப் பரம்பரையில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த முதல் ஆள். பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, ஊசிக்கு அலறும் பிள்ளைகளின் காலைப் பிடிப்பது ஆகியவை அவன் உத்தியோகம். காலைப் பிடித்து முன்னுக்கு வந்தவன் என்று அவனை நாலு பேர் கேலி செய்வார்கள். அவனும் ஆமாம் என்பான்.

பலகைகளை மாட்ட வந்தவர் ஜெயசிங் என்கிற இன்ஜினியர். நாகர்கோவில்காரர். ஒரு நாள் முழுக்க மாடியில் நின்று முறுக்கினார், திருகினார். பலகை ஒவ்வொன்றிலும் அப்பளம் அளவில் கருநீல வட்டங்கள் முப்பத்தாறு. அங்கிருந்து விரல் தடிமனில் ஒரு ஒயர் கீழே அறைக்கு இறங்கியது. அறையில் நாலு பேட்டரி, முள் வைத்த மீட்டர் ஒன்று, பக்கத்தில் வெள்ளைப் பெட்டியாக ஒரு பிரிட்ஜ். முள் வலது பக்கம் போகப் போக வரவு அதிகம் என்று அர்த்தம். எல்லாம் முடித்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “வெயிலு நல்லா விழணும். அது போதும். நீங்க வேற ஒண்ணும் செய்யாண்டாம்.”

சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். நம் ஊரில் ஒரு மனிதனிடம் எதை வேண்டுமானாலும் செய்யச் சொல்லலாம். ஒன்றும் செய்யாதே என்று மட்டும் சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஜுலைகா பீவி பிரிட்ஜைத் திறந்து, தீப்பெட்டி அளவில் ஒரு ஐஸ் கட்டியை எடுத்து வெள்ளத்துரையின் உள்ளங்கையில் வைத்தார். அவன் அதை வாசலுக்குக் கொண்டுபோனான். தலைக்கு மேலே சித்திரை வெயில் கொளுத்துகிறது. கையில் அந்த வெயிலே கட்டியாக உறைந்து விறைக்க வைக்கிறது. அவன் மேலே பார்த்தான், கையைப் பார்த்தான், மறுபடி மேலே பார்த்தான். வெயிலில் பிறந்தது வெயிலிலேயே கரைந்து முழங்கை வழியாக ஒழுகி முடிகிறவரை அங்கேயே நின்றான். கடைசியில் மெதுவாகச் சொன்னான்: “சிஸ்டர், இதச் சொன்னா எங்க ஊர்ல என்னைய மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க.”

ஆனால் அந்தப் பெட்டி ஐஸுக்காக வரவில்லை, மருந்துக்காக வந்தது. போலியோ சொட்டு மருந்தும் அம்மைத் தடுப்பூசியும் இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருந்தால்தான் மருந்து. எட்டைத் தாண்டிச் சூடேறிவிட்டால் அது தண்ணீருக்குச் சமம். போன வருஷம் முகாமுக்குத் திருநெல்வேலியிலிருந்து பிளாஸ்கில் ஐஸ் வைத்துக் கொண்டுவந்த மருந்து, வழியில் பஸ் டயர் வெடித்து, வந்து சேரும்போது வெந்நீராக வந்தது. ஜுலைகா பீவி அத்தனையையும் பின்பக்கம் கொட்டினார். வாசலில் இடுப்பில் பிள்ளையோடு வெயிலில் நின்ற இருநூறு பெண்களிடம், ‘இன்னைக்கு இல்ல, போய்ட்டு வாங்க’ என்று சொல்கிற வேலை வெள்ளத்துரைக்கு விழுந்தது. பாதிப் பேர் அவன் ஊர்ப் பக்கத்து ஆட்கள். பத்து மைல் வந்தவர்கள். யாரும் திட்டவில்லை, திரும்பிப் போனார்கள். ஐப்பசியில் அதில் இரண்டு பிள்ளைகளுக்குப் போலியோ வந்து கால் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் வெள்ளத்துரை அந்தப் பக்கம் சைக்கிளில் போனால் அந்த இரண்டு வீட்டையும் சுற்றிக்கொண்டுதான் போவான்.

இந்த வருஷ முகாம் வைகாசி பிறப்பதற்கு முந்திய திங்கட்கிழமை. வெள்ளத்துரை குருவிகுளம் வட்டாரம் முழுக்கச் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். இந்தத் தடவை மருந்து கெடாது, சூரியனே காவல் இருக்கிறது என்று வீட்டுக்கு வீடு சத்தியம் செய்தான். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் வருகிறோம் என்றார்கள்.

இப்படி வாக்குக் கொடுத்துவிட்ட மனிதன் ஒன்றும் செய்யாமல் எப்படி இருப்பான்?

முதலில் பூமாரி மதினி வந்தாள். கோயில் வாசலில் பூக்கடை வைத்திருப்பவள். வெயிலை ஐஸாக்குகிற சாமானைப் பார்க்க ஊரே வந்துபோனபோது அவளும் வந்தாள், பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை முழ நீளமில்லை, எட்டுப் பலகைக்கும் சேர்த்து ஒரே சரமாகத் தொடுத்த செவ்வந்தி மாலையோடு மாடியேறினாள். பலகைகளின் மேல் விளிம்பை ஒட்டி மாலை தொங்கியது. பலகைக்கு ஒன்றாக நடுவில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தாள். மோட்டாருக்கும் லாரிக்கும் பஞ்சர் கடை பம்புக்கும் பொட்டு வைக்கிற ஊரில், சூரியனிடம் நேரடியாக வாங்கல் கொடுக்கல் வைத்திருக்கும் சாமானை மொட்டையாக விடுவது நன்றாயிருக்காது என்று வெள்ளத்துரைக்கும் தோன்றியது. அதன்பிறகு தினமும் காலையில் புது மாலை வந்தது.

இரண்டாவது யோசனை வெள்ளத்துரையின் சொந்த யோசனை. சித்திரை இருபத்தொன்றாம் தேதி கத்திரி பிறந்தது. நாய்கூட ரோட்டைக் கடக்க ரோசனை பண்ணுகிற வெயில். ஊரே வியர்த்து நொந்துகொண்டிருக்க, வெள்ளத்துரை மட்டும் அறுவடைக்குக் காத்திருக்கும் சம்சாரி மாதிரி சந்தோஷமாக மாடிக்குப் போனான். போனால், பலகைகளின் முதுகுப் பக்கம் திறந்து கிடக்கிறது. மேக்காத்து தாராளமாகப் புகுந்து விளையாடுகிறது. இவ்வளவு சூட்டையும் முன்னால் வாங்கிப் பின்னால் காற்றுக்கு வார்த்துக்கொண்டிருக்கிறதே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. ஆக்கிய சோற்றையே மூடித்தானே வைக்கிறோம்? அன்று சாயங்காலமே ஊருக்குப் போய், அண்ணன் ஆட்டுக்கிடை காவலுக்குப் போர்த்துகிற கருப்புக் கம்பளியோடு இன்னும் நாலைந்தைச் சேர்த்து வாங்கிவந்து, எட்டுப் பலகைகளின் முதுகிலும் காற்று நுழையாதபடி இழுத்துக் கட்டினான். ஜுலைகா பீவி ஏறி வந்து பார்த்தார். நர்ஸ் படிப்பில் நெஞ்சுச்சளிக்கு இதே வைத்தியத்தைப் படித்திருந்தபடியால் அவருக்கும் அது நியாயமாகவே பட்டது.

புதன்கிழமை மருந்து வந்து இறங்கியது. பிரிட்ஜில் அடுக்கும்போது உள்ளே இருந்த தெர்மாமீட்டர் நாலு டிகிரி காட்டியது. வியாழக்கிழமை ஐந்து. வெள்ளிக்கிழமை ஐந்தரை. சனிக்கிழமை காலை ஆறரை. ஜுலைகா பீவி சுவரில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். கோடு மாடிப்படி மாதிரி ஏறியது. மீட்டர் முள் முதல் வாரத்தில் பத்து மணிக்கெல்லாம் பதினாலில் நின்றது. இப்போது நாலில் முனகிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் என்னவோ மண்டையைப் பிளந்தது.

ஜெயசிங்குக்கு டிரங்க் கால் புக் செய்தார்கள். அது சனிக்கிழமை சாயங்காலம்வரை வரவில்லை. மருந்தைத் திருநெல்வேலிக்கே திருப்பி அனுப்பிவிடலாமா என்று ஜுலைகா பீவி யோசித்தார். அனுப்ப ஐஸ் வேண்டும். ஐஸ் செய்ய இந்தப் பெட்டிதான் வேண்டும். வெள்ளத்துரை தன்னால் ஆனதைச் செய்தான்: இன்னொரு வரிசைக் கம்பளி கட்டினான். முள் மூன்றுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு தெர்மாமீட்டர் ஏழே முக்காலில் நின்றது. எட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு மயிரிழை. ஜுலைகா பீவி பிரிட்ஜ் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், உள்ளே இருக்கிற குளிரைத் தன் முதுகாலேயே அடைத்து வைப்பவர் மாதிரி. சாயங்காலத்துக்குள் எட்டைத் தாண்டிவிட்டால் நாளைக்கு ஆட்களைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை என்றார். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வரப்போகிற முகங்கள் ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரியும்.

“நான் சொல்ல மாட்டேன் சிஸ்டர்,” என்றான். “வேலைய விட்டுட்டு ஆடு மேய்க்கப் போனாலும் போவேன். இன்னொருக்க அதைச் சொல்ல என் வாயி வராது.”

ஜுலைகா பீவி, பலகையில் தூசி அடைந்திருக்குமோ என்னவோ, துடைத்தாவது பார்ப்போம் என்றார். அவன் துணியை எடுத்துக்கொண்டு ஏறினான். அவர் ஜன்னல் ஓரம் மீட்டர் பக்கத்தில் நின்று முள்ளைப் படித்துச் சொல்வதாக ஏற்பாடு.

வெள்ளத்துரை கடைசிப் பலகைக்கு முன்னால் போய் நின்று குனிந்தான். கீழேயிருந்து குரல் வந்தது, முள் இன்னும் இறங்குகிறது என்று. துணி இன்னும் கண்ணாடியைத் தொடக்கூட இல்லை. என்னடா இது என்று நிமிர்ந்து தள்ளி நின்றான். ஏறிவிட்டது என்றார். மறுபடி குனிந்தான். இறங்கியது. தள்ளி நின்றான். ஏறியது. கண்ணாடியில் விழுந்த தன் தலையின் நிழலை அப்போதுதான் பார்த்தான்.

நிழல். ஊரே நாக்கு வறள நிழல் தேடி அலைகிற மாசத்தில், இந்தச் சாமானுக்கு நிழல் ஆகாது. அவன் மெதுவாகத் திரும்பி எட்டுப் பலகையையும் வரிசையாகப் பார்த்தான். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் செவ்வந்தி மாலை. மாலைக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு நிழல், மேல்வரிசை வட்டங்களை அரையும் குறையுமாக மூடிக்கொண்டு. நெற்றியில் பொட்டு, பொட்டுக்குக் கீழே மூச்சுமுட்டிக்கொண்டு ஒரு வட்டம்.

மாலையை ஒரு முனையில் பிடித்து இழுத்தான்.

“ஏழு,” என்றார் ஜுலைகா பீவி. அப்புறம் சந்தேகத்தோடு, “நீரு என்னத்தத் தொட்டீரு?” என்றார்.

அவன் ஈரத்துணியால் சந்தனத்தையும் குங்குமத்தையும் அழுத்தித் துடைத்தான். ஒவ்வொரு பொட்டு போகப் போக முள் கால் புள்ளி ஏறியதாகக் கீழேயிருந்து சேதி வந்தது. எட்டுப் பொட்டும் போனபோது முள் ஒன்பதில் நின்றது. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. சும்மா பார்ப்போமென்று ஒரு பலகையில் ஒரே ஒரு அப்பள வட்டத்தை உள்ளங்கையால் பொத்தினான். ஒன்று குறைந்துவிட்டது என்று குரல் வந்தது. கையை எடுத்தான். வந்துவிட்டது. முப்பத்தாறில் ஒன்றைத்தான் மூடினான். அந்தப் பலகையே மொத்தமாகக் கடையைச் சாத்திவிட்டது. பாதி வேலை, பாதி உறக்கம் என்றால் அவனுக்குப் புரிந்திருக்கும். அரன் பாதி அரி பாதியாகச் சாமி நிற்கிற ஊர் இது. பாதிப் பாதி பழகினதுதான். இது அப்படி இல்லை. ஒன்று நின்றால் எல்லாமே நிற்கிறது.

கிணறு வெட்டுகிற இடத்தில் அவன் பார்த்திருக்கிறான். அடியிலிருந்து மேல்வரை ஆள் வரிசை நின்று மண்கூடையைக் கைமாற்றுவார்கள். நடுவில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டால், அவளுக்கு மேலே எத்தனை பலசாலி நின்றாலும் கை வெறுங்கைதான். இந்த நீல வட்டங்களும் அப்படித்தான் ஒன்றின் கையிலிருந்து ஒன்று வாங்கி, வாங்கி, கடைசியில் அந்த ஒயரில் இறக்குகின்றன போலிருக்கிறது. எதை வாங்குகின்றன? அதுதான் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தமில்லை, அசைவில்லை, வாசனை இல்லை. முன்னூறுக்குக் கொஞ்சம் குறைவான வட்டங்கள் வாயை மூடிக்கொண்டு வானத்திலிருந்து எதையோ வாங்கி இறக்கிக்கொண்டே இருக்கின்றன. அவன் ஒரு கையை நீட்டி அதை நிறுத்திவிட முடிகிறது. வெள்ளத்துரைக்கு முதுகு சிலிர்த்தது, அந்த வெயிலில்.

இந்த நேரத்தில்தான் பூமாரி மதினி மத்தியான மாலையோடு ஏணியில் தலையை நீட்டினாள். காலை மாலை வாடியிருக்கும் என்று அக்கறையாக இன்னொன்று கொண்டுவந்திருந்தாள். தரையில் கிடந்த சரத்தையும் அழிந்த பொட்டையும் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை வெள்ளத்துரை கவனித்தான்.

“ஏலே வெள்ளத்துரை, மூளி ஆக்கிட்டியேலே,” என்றாள்.

“மதினி, நீங்க மேல வாங்க. இந்த மாலையை அங்கன, அந்த ஓரத்துல போடுங்க. போட்டுட்டுக் கீழ சிஸ்டர் சொல்லுதத மட்டும் கேளுங்க.”

அவள் போட்டாள். முள் மூன்று புள்ளி விழுந்தது என்று கீழேயிருந்து சேதி வந்தது. அவன் எடுக்கச் சொன்னான். எடுத்தாள். ஏறியது. பூமாரி இன்னொரு தடவை போட்டாள், இன்னொரு தடவை எடுத்தாள். பிறகு கையில் மாலையோடு அந்தக் கண்ணாடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பூ பாரமா இதுக்கு,” என்று கேட்டாள், சன்னமாக.

“பூவோட நிழல் பாரம் மதினி.”

அவள் குனிந்து, பலகைகள் நிற்கிற இரும்புக் காலின் அடியில், நிழல் எதன்மேலும் விழாத இடமாகப் பார்த்து மாலையைச் சுற்றினாள். சாமிக்குப் பிடிக்காததைச் செய்துவிட்டோமே என்கிற பயம் அவளுக்கு இருந்தது. அதைவிட, இவ்வளவு நுணுக்கமாகக் கோபித்துக்கொள்கிற சாமியை இப்போதுதான் பார்க்கிறோம் என்கிற மலைப்பு பெரிதாக இருந்தது.

மாலை சுற்றக் குனிந்தவளின் புறங்கை கம்பளியில் பட்டது. சுரீர் என்று இழுத்துக்கொண்டாள். தோசைக்கல் மாதிரி கொதிக்குது, அடியில் அடுப்பு கிடுப்பு வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். வெள்ளத்துரை கம்பளிக்குள் கையை விட்டுப் பார்த்தான். தோல் உரிந்துவிடும் போலிருந்தது. ஏழு நாளாக இந்தச் சூட்டைத்தான் சிந்தாமல் சேர்த்து வைத்திருக்கிறான். சேர்த்து வைத்த சூடு எங்கேதான் போகிறது? முள் ஒன்பதிலேயே நிற்கிறதே?

அவனுக்குச் சட்டென்று கிடை ஞாபகம் வந்தது. சித்திரை மத்தியானத்தில் ஆடு மேயாது. முழங்கால் உயரத்துக்குப் புல் கிடந்தாலும் மேயாது. ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையை விட்டுக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, குறுகி நிற்கும். அதே ஆடு விடிகாலைக் குளிர்ச்சியில், இளங்காற்றில், அரைவயிறு புல்லுக்கு நாலு வயல் ஓடும். தீனி வேறு, சூடு வேறு. தீனி இருந்தும் சூட்டில் மேயாது.

“சிஸ்டர்,” என்று ஜன்னல் பக்கம் குனிந்து சொன்னான், “இது வெயிலத் திங்கல. வெளிச்சத்தைத் திங்குது. சூடு இதுக்கும் ஆவல.”

கீழேயிருந்து ஜுலைகா பீவியின் குரல் நிதானமாக வந்தது: “அப்ப நாம ஒரு வாரமா காய்ச்சக்காரனுக்குக் கம்பளி போத்திருக்கோம். அவுத்து எறியும்.”

ஒரு பக்கத்துக் கயிற்றை அவன் அறுத்தான், மறுபக்கத்தைப் பூமாரி அவிழ்த்தாள். கம்பளிகள் ஒவ்வொன்றாக விழ, ஏழு நாளாக வெளியே காத்திருந்த மேக்காத்து பலகைகளின் முதுகில் புகுந்தது. முள் உடனே ஏறவில்லை. பூமாரி முந்தானையால் பலகையின் முதுகுக்கு விசிறினாள். சிரிக்காமல், காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு விசிறுவதுபோல. ஐந்து நிமிஷம் போனது. ஒன்பதரை. பத்து. கொஞ்சம் பொறுத்துப் பத்தரை. பலகை ஆற ஆற முள் நகர்ந்தது. பன்னிரண்டைத் தொட்டபோது ஜுலைகா பீவி எண் சொல்வதை நிறுத்திவிட்டு, அடங்கிய குரலில் அல்லாவைக் கூப்பிட்டார். அறைக்குள் பிரிட்ஜின் உறுமல் மாறியிருந்தது. நோயாளி முனகலை விட்டுவிட்டுத் தூங்குகிற மூச்சுக்கு வந்தமாதிரி இருந்தது.

அன்று பொழுது சாய்ந்தபோது தெர்மாமீட்டர் ஏழு. எட்டைத் தொடவே இல்லை. கட்டம் போட்ட தாளில் கோடு முதல்முறையாகக் கீழே திரும்பியது. ஜுலைகா பீவி அந்தப் புள்ளியை மற்றப் புள்ளிகளைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஐந்தரை. முதல் பஸ் வந்தது. குருவிகுளத்துப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு இறங்கினார்கள். வரிசை வேப்பமரம் வரை நீண்டது. போன வருஷம் இவர்களை அனுப்பிய வாயால் வெள்ளத்துரை ‘உள்ள போங்க தாயி, உள்ள போங்க’ என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு தடவை சொன்னால் போதும், அவன் ஒவ்வொருத்தியிடமும் சொன்னான். முதல் பிள்ளையின் நாக்கில் இரண்டு சொட்டு விழுந்தது. பிள்ளை மூஞ்சியைச் சுளித்தது. அதைப் பார்த்துவிட்டு அவன் மாடிக்குப் போனான். காலைப் பிடிக்க இன்றைக்குப் பூமாரி மதினி இருந்தாள்.

மேலே வேலை இருந்தது. காக்காய்கள் பலகையின் விளிம்பில் உட்கார வந்தன. ஒரு காக்காய்க்கு ஒரு நிழல், ஒரு நிழலுக்கு ஒரு பலகை என்பது இப்போது அவனுக்குக் கணக்குத் தெரிந்த விஷயம். விரட்டினான். ஒன்பதரைக்கு, வெயில் இன்னும் முழுசாகக் காயாமல் மேக்காத்து வீசிக்கொண்டிருந்தபோது, கீழே இறங்கி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தான். முள் பதினாலு. பன்னிரண்டு மணிக்குக் கத்திரி தன் முழுக் கோபத்தையும் இறக்கியபோது பார்த்தான். முள் பன்னிரண்டரையில் நின்றது. இவ்வளவு பெரிய சூரியனும் கொஞ்சம் அளவு தவறிக் கொடுத்தால் வாங்குகிறவன் களைத்துப்போகிறான் என்று நினைத்துக்கொண்டான்.

கீழே பிள்ளைகள் ஒன்று மாற்றி ஒன்று அலறிக்கொண்டிருந்தன. ஊசி போடப் போட அலறல் வந்துகொண்டே இருந்தது. மருந்து தீரவில்லை என்பதற்கு அதைவிட அத்தாட்சி அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. வெள்ளத்துரை பலகைகளைப் பார்த்து நின்றான். உச்சிவெயிலில் அவன் நிழல் காலடிக்குள் சுருங்கிக் கிடந்தது. இருந்தாலும் அவன் ஒரு எட்டுப் பின்னால் தள்ளியே நின்றுகொண்டான்.